எந்தக் கண்ணகியைத் திரையில் காட்டுவது?



புதிதாகக் கதை எழுதுவோர்க்கு இல்லாத ஒரு தொல்லை, பழைய கதையைத் திரைப்படமாக்க முன்வருவோர்க்கு உண்டு. எழுத்தாளர் தம் விருப்பம்போல் ஒரு வீரனையோ வீராங்கனையையோ படைத்துக்கொள்ளலாம். ஊரெல்லாம் அறிந்த ஒருவரைத் திரையில் காட்ட வருபவரோ, "எந்த வடிவத்தைக் காட்டுவது?" என்னும் வினாவுக்கு முதலில் விடை சொல்லியாக வேண்டும். புகழ் பெற்றவரின் கதை ஒன்றாக நிற்பதில்லை. சொல்பவர் மாற மாற அதுவும் மாறி, ஒரு பெயரின் கீழ்ப் பல உருவங்கள் சேர்ந்துவிடுகின்றன. இரண்டரை மணி நேரப் படத்தில் அத்தனையையும் அடக்க இயலாது. ஒன்றை எடுத்து மற்றவற்றை விட வேண்டும்.

எடுப்பதற்கும் விடுவதற்கும் அளவுகோல் எது? இதைப் படக்கதை வீரர்களிடம் தொடங்கி, நம் மதுரைக் கண்ணகியிடம் கொண்டுவந்து ஆராய்வோம்.

ஒரு பெயர், பல உருவங்கள்

சூப்பர்மேனை அறியாத பிள்ளைகள் இன்று அரிதே. ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் படைத்த அந்த வீரன் 1938-இல் அமெரிக்கப் படக்கதை இதழ் ஒன்றில் முதன்முதல் தோன்றினான். அன்றைய சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது என்றால் வியப்பீர்கள். அவன் தாவினான், கட்டடத்துக்குக் கட்டடம் தாண்டினான். 1941-இல் தொடங்கிய கேலிச்சித்திரப் படங்களில்தான் அவன் பறக்கத் தலைப்பட்டான். முதற்கால சூப்பர்மேன் சற்று முரடனும்கூட. மனைவியை அடிப்பவனையும் ஏழைத் தொழிலாளரை வதைக்கும் முதலாளியையும் அவன் நேரே சென்று மிரட்டுவான். 1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் நடிக்க வெளிவந்த படத்திலோ, புன்முறுவலோடு வந்து உதவும் பண்பாளன் ஒருவனைக் கண்டோம். நாற்பது ஆண்டுகளில் குவிந்த உருவங்களிலிருந்து அப்படத்தார் ஒன்றைத் தெரிந்தெடுத்தனர்.

பேட்மேன் கதை இன்னும் தெளிவான சான்று. 1939-இல் இரவு வேட்டைக்காரனாகப் பிறந்தவன், 1966-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் சிரிப்பு மூட்டுபவனாக மாறினான். அடிக்கும்போதெல்லாம் "டமார்" என்பது போன்ற ஒலிச்சொற்கள் திரையில் பெரிய எழுத்தில் வரும். 1989-இல் டிம் பர்ட்டன் இயக்கிய படம் அவனை மறுபடி இருளுக்குள் அழைத்துச் சென்றது. 2005-இல் கிறிஸ்டோபர் நோலன், பெற்றோரைப் பறிகொடுத்த சிறுவன் எவ்வாறு அந்த வீரனானான் என்ற பகுதியை விரித்தார். பெயரும் முகமூடியும் ஒன்றே. பார்த்தவர் மனத்தில் பதிந்த மனிதரோ வேறு வேறு.

சிவகாசியிலிருந்து வந்த மாயாவி

இது அயல்நாட்டார் விவகாரம் என்று ஒதுக்க வேண்டா. நம் ஊரிலிருந்து விருதுநகர்ச் சாலையில் தெற்கே சென்றால் எட்டிவிடும் சிவகாசியிலிருந்து, 1972 சனவரியில் முத்து காமிக்ஸ் முதல் இதழ் வெளிவந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி. உங்கள் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்துக்குள் மறைத்து வைத்து அவனைப் படித்தவர்கள் பலர் இருப்பர்.

மாயாவி பிறந்தது இலண்டனில். 1962-இல் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் அவன் கதை தொடங்கியது. லூயி கிராண்டேல் என்பது அவன் இயற்பெயர். ஆய்வுக்கூட உதவியாளன், விபத்தில் ஒரு கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் கண்ணுக்குத் தெரியும். தொடக்கக் கதையில் அவன் நல்லவனல்லன். மறையும் ஆற்றல் கிடைத்ததும் திருட்டிலும் நாசவேலையிலும் இறங்குகிறான். பின்பு திருந்தி, நிழற்படை என்னும் இரகசிய அமைப்பின் உளவாளியாகி நாட்டைக் காக்கிறான். சில ஆண்டுகள் கழித்து, மற்ற அமெரிக்க வீரர்களைப்போல் தனி உடை அணிந்த சூரனாகவும் அவனை வரைந்தார்கள்.

ஆக மூன்று மாயாவிகள்: திருடன், உளவாளி, உடையணிந்த சூரன். இவர்களுள் எவனைப் படமாக்கலாம்? மூன்றாமவனை எடுத்தால் பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால் அவனைப்போல் வேறு ஐம்பது பேர் உளர். இரண்டாமவனை மட்டும் எடுத்தால் விறுவிறுப்பான துப்பறியும் படம் ஒன்று கிடைக்கும். ஆனால் அந்த இரும்புக் கை வெறும் கருவியாகிவிடும். முதலாமவனை விட்டுவிட்டால், தீமையைச் சுவைத்துப் பார்த்தவன் அதைக் கைவிட்டான் என்னும் செய்தியே காணாமற்போகும். எந்தப் பகுதியை நீக்கினால் அந்த மனிதன் அவனாக இல்லாமற்போகிறானோ, அந்தப் பகுதியே கதையின் உயிர். இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

நம் ஊர் வீராங்கனை

கப்பலூரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்லும்போது திருப்பரங்குன்றம் தாண்டிப் பழங்காநத்தம் வருகிறது. அதனருகே கோவலன் பொட்டல் என்று ஓரிடம் உண்டு. கோவலன் வெட்டுண்டது அங்கேதான் என்பது மக்கள் நம்பிக்கை. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கு அகழாய்வும் நடத்தியிருக்கிறது. அன்றாடம் நாம் கடந்து செல்லும் சாலையோரத்திலேயே காப்பியம் ஒன்று கிடக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணுகிறோம்?

கண்ணகி படக்கதையிலும் வந்தவளே. அமர் சித்திரக் கதை வரிசையில் அவள் பெயரால் ஒரு புத்தகம் உண்டு. இயல்பான மனிதரிடம் இல்லாத ஆற்றல், தனி ஒருத்தியாக அரசை எதிர்த்தல், நகரையே அசைக்கும் செயல் என்று படக்கதை வீரர்க்குச் சொல்லும் இலக்கணங்கள் யாவும் அவளிடம் உள்ளன. அவர்களைப்போலவே அவளுக்கும் பல வடிவங்கள் உண்டு. அவற்றுள் மூன்றைப் பார்ப்போம்.

மூன்று கண்ணகியர்

முதலாமவள் இளங்கோவடிகளின் கண்ணகி. சிலப்பதிகாரத்தின் முப்பது பகுதிகளுள் முதற்பாதியில் அவள் அதிகம் பேசுவதில்லை. கணவன் மாதவியிடம் செல்கிறான். பொருளை இழந்து திரும்புகிறான். அவள் சிலம்பைக் கழற்றித் தருகிறாள். மதுரைக்கு வந்து ஆயர் சேரியில் மாதரி என்னும் இடைச்சியின் அடைக்கலத்தில் தங்குகிறார்கள். அரசியின் சிலம்பைக் களவாடிய பொற்கொல்லன் கோவலன்மீது பழியைப் போடுகிறான். ஊடல் கொண்ட அரசியைத் தணிக்கும் அவசரத்தில் இருந்த பாண்டியன், விசாரணையின்றிக் கொலைக்கு ஆணையிடுகிறான். செய்தி கேட்ட பின்புதான் கண்ணகியின் வாய் திறக்கிறது.

அரண்மனையில் நடப்பதைக் கூர்ந்து நோக்குங்கள். அவள் முதலில் தன் ஊரையும் குலத்தையும் சொல்லித் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். கள்வனைக் கொல்லுதல் முறைகேடன்று என்கிறான் அரசன். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். தங்கள் சிலம்பின் பரல் முத்து என்று அரசனே சொல்லி, கைப்பற்றிய சிலம்பைக் கொணரச் செய்கிறான். அவள் அதை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அதைக் கண்ட பாண்டியன் தானே கள்வன் என்று உணர்ந்து உயிர் விடுகிறான். இரு தரப்பின் வாக்குமூலம், பொருட்சான்று, எல்லார் முன்னிலையிலும் சோதனை, தீர்ப்பு ஆகிய அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடுகின்றன. நகருக்கு மூண்ட தீ அதன் பிறகே வருகிறது.

இரண்டாமவள் நாட்டுப்புறக் கண்ணகி. புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் 'கோவலன் கதை' என்னும் அம்மானைப் பாடலில் இவளைக் காணலாம். இங்கே பாண்டியன்மீது சினங்கொண்ட காளியே கண்ணகியாகப் பிறக்கிறாள். பாண்டியன் மகளாகப் பிறந்து, பேழையில் இட்டு ஆற்றில் விடப்பட்டு, வணிகர் வீட்டில் வளர்கிறாள். மாதவியோ பொருள் பறிக்கும் கணிகையாகச் சித்திரிக்கப்படுகிறாள். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இயற்றிய 'கோவலன்' நாடகம் இந்த மரபைத் தழுவியது. அவர் 1918-இல் மதுரையில் நிறுவிய சிறுவர் நாடகக் குழுவை நாடக வரலாறு படிப்போர் அறிவர். இத்தகைய மேடைகளின் வழியாகத்தான் அந்நாளைய மக்களில் பெரும்பாலோர் கண்ணகியை அறிந்தனர்.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சிட்டது 1892-இல்தான். அதற்கு முன் அந்நூல் ஓலைச்சுவடிகளில், புலவர்களிடையே இருந்தது. கதையோ தெருக்களிலும் திருவிழாக்களிலும் இருந்தது.

மூன்றாமவள் கடல் கடந்த கண்ணகி. இலங்கையில் சிங்களர் அவளைப் பத்தினித் தெய்வம் என்று வழிபடுகின்றனர். பாண்டியன் தோட்டத்து மாங்கனியிலிருந்து அவள் பிறந்தாள் என்பது அங்கே வழங்கும் கதை. மட்டக்களப்புத் தமிழர் கண்ணகை அம்மன் என்று கோயில் எடுத்து, வைகாசியில் 'குளிர்த்தி' என்னும் சடங்கு செய்கின்றனர்; கண்ணகி வழக்குரை என்னும் நூலைப் பாடுகின்றனர். மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணிப்பதே அச்சடங்கின் நோக்கம். நம் தேனி மாவட்ட எல்லையில் மலைமீதுள்ள மங்கலதேவி கோயிலுக்கும் சித்திரைப் பௌர்ணமியன்று மக்கள் ஏறிச் செல்கின்றனர்.

மூன்றும் உயிருள்ள மரபுகள். ஒன்றை மெய்யென்றும் மற்றவற்றைப் பொய்யென்றும் தள்ளுவது அறியாமை. ஆயினும் படம் எடுப்பவர் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

பெயரே தேர்வைச் சொல்லும்

இக்கதையை எடுத்தாண்டவர்கள் வைத்த பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். நாடக மேடையில் 'கோவலன்'. 1942-இல் ஜூபிடர் நிறுவனம் எடுத்த படம் 'கண்ணகி'. 1964-இல் மேகலா பிக்சர்ஸ் எடுத்த படம் 'பூம்புகார்'. இவற்றுக்கெல்லாம் முன்பு இளங்கோவடிகள் வைத்த பெயர் 'சிலப்பதிகாரம்'.

'கோவலன்' என்றால், தவறு செய்து திருந்தி மாண்ட ஓர் ஆடவனின் கதை அது. மனைவி அவன் வாழ்வில் ஒரு பகுதி.

'கண்ணகி' என்றதும் கதையின் நடுவே ஒரு பெண் வந்து நிற்கிறாள். ஆர். எஸ். மணி இயக்கிய அப்படம் காப்பியத்தைத் தழுவியது. கோவலனாகப் பி. யு. சின்னப்பாவும் கண்ணகியாகப் பி. கண்ணாம்பாவும் நடித்தனர். கண்ணாம்பா தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்டவர். எனினும் இளங்கோவன் எழுதிய உரையாடல்களை அவர் முழங்கிய முழக்கம் அந்நாளில் தமிழகமெங்கும் பேசப்பட்டது. பாட்டுக்காகவே படம் பார்த்த காலத்தில், ஒரு பெண் அரசனை நோக்கிப் பேசும் பேச்சுக்காக மக்கள் திரண்டனர்.

'பூம்புகார்' என்ற பெயர் இன்னொரு நோக்கைக் காட்டுகிறது. மு. கருணாநிதி கதை உரையாடல் எழுத, ப. நீலகண்டன் இயக்கிய படம் அது. எஸ். எஸ். ராஜேந்திரனும் விஜயகுமாரியும் கோவலன் கண்ணகியாகவும், கே. பி. சுந்தராம்பாள் கவுந்தியடிகளாகவும் தோன்றினர். கணவன் பெயருமில்லை, மனைவி பெயருமில்லை; கடல் கொண்ட ஒரு தமிழ்ப் பட்டினத்தின் பெயர் அது. பழம்பெருமையை நினைவூட்டும் படமாக அதனை மக்கள் ஏற்றனர். அந்நினைவு திரையோடு நிற்கவில்லை. 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. 1973-இல் பூம்புகாரில் சிலப்பதிகாரக் கலைக்கூடம் அமைந்தது.

இனி மூலப் பெயருக்கு வருவோம். இளங்கோவடிகள் ஓர் ஆளின் பெயரை நூலுக்கு வைக்கவில்லை. ஊரின் பெயரையும் வைக்கவில்லை. ஒரு நகையின் பெயரை வைத்தார். அந்த நகை யாது? அதுவே வழக்கின் சான்றுப்பொருள்! கையில் ஒற்றைச் சிலம்போடு அவை ஏறியவள் என்பதே கண்ணகியின் தனித்தன்மை. சென்னைக் கடற்கரைச் சிலையிலும் அவள் சிலம்பு ஏந்தியே நிற்கிறாள். காப்பியம் முழுவதையும் ஒரே நிலையில் காட்ட வேண்டிய சிற்பிக்கும் அந்தக் கணமே அகப்பட்டது.

தேர்வுக்கு ஐந்து வினாக்கள்

எந்த வடிவத்தைத் தேர்வது என்று முடிவு செய்ய ஐந்து வினாக்களை எழுப்பிக்கொள்ளலாம். கண்ணகிக்கு மட்டுமன்றி, மாயாவிக்கும் பேட்மேனுக்கும் இவை பொருந்தும்.

1. கதை யாருடையது? கதையைத் திருப்பிவிடும் முடிவை எடுப்பவர் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். அவைக்குச் செல்வது என்று கண்ணகி முடிவு செய்யாதிருந்தால், கோவலன் சாவு பொற்கொல்லனின் பொய்யோடு புதைந்து போயிருக்கும். ஆகவே கதை அவளுடையது.

2. ஆற்றல் எங்கிருந்து வருகிறது? நாட்டுப்புறக் கதையில் அது பிறப்பிலேயே வருகிறது, அவள் காளி. பாண்டியனின் அழிவு அவள் பிறக்குமுன்பே எழுதியாயிற்று. இளங்கோவின் நூலில் அவள் மாநாய்கன் என்னும் வணிகனின் மகள். பன்னிரண்டு வயதில் மணமானவள். அவள் ஆற்றல் பொறுமையிலும் உண்மையிலும் விளைந்தது. பிறவித் தெய்வம் எரித்தால் நாம் அஞ்சுவோம். நம்மில் ஒருத்தி எழுந்து கேட்டால் நம் முதுகெலும்பும் நிமிரும்.

3. ஆற்றலுக்கு எல்லை உண்டா? எல்லையில்லாத ஆற்றல் கதையைக் கெடுக்கும். தீக்கடவுள் ஏவல் கேட்டு நிற்கும்போது, அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிடுமாறு இளங்கோவின் கண்ணகி கட்டளையிடுகிறாள். சினத்தின் உச்சியிலும் அவள் வேலி போடுகிறாள். இந்த வேலியைக் காட்டாமல் தீயை மட்டும் காட்டும் படம் பாதிக் கண்ணகியையே காட்டுகிறது.

4. குற்றம் யார் தலையில் விழுகிறது? மாதவியை மயக்குக்காரியாக்கினால் கோவலன் குற்றம் குறைந்துவிடும். பழி இன்னொரு பெண்ணின்மேல் விழும். இளங்கோ அப்படிச் செய்யவில்லை. கடற்கரையில் மாதவி பாடிய பாட்டைத் தவறாகக் கருதிக் கோவலன் பிரிகிறான். மதுரைக்கு வரும் வழியில், கோசிகன் கொணர்ந்த அவளது ஓலையைப் படித்ததும், அவள் மேல் குற்றமில்லை, தவறு தன்னுடையதே என்று உணர்கிறான். பின்னாளில் மாதவி துறவு பூணுகிறாள். எந்தப் பெண்ணையும் இழிவாக்காமலே கதையை நடத்த முடியும் என்பதற்கு இந்நூலே சான்று.

5. படம் முடிந்து வெளியே வருபவர் எதை எடுத்துச் செல்வார்? "தெய்வம் பழி வாங்கியது" என்றா? "நம் பட்டினம் எவ்வளவு பெருமை வாய்ந்தது" என்றா? "ஆராயாமல் கொடுத்த தீர்ப்பு அரசனையே கொல்லும்" என்றா? மூன்றும் பயனுள்ளவை. ஆயினும் மூன்றாவது, முடியாட்சி போன பின்னும் பயன் தரும். பள்ளியிலும் அலுவலகத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் நீதிமன்றத்திலும் இன்றும் தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன அன்றோ?

ஐந்து வினாக்களுக்கும் விடை கண்டால், திரைக்கு ஏற்றவள் சிலம்பேந்திய கண்ணகியே என்பது தெளிவாகும். சான்று முதலில், சீற்றம் பின்பு. இந்த வரிசை மாறாத வடிவமே தேர்ந்தெடுக்கத் தக்கது. நூல் பழையது என்பதற்காகவோ, புலவர் போற்றியது என்பதற்காகவோ இதனைத் தேரவில்லை. இந்த வரிசையை நீக்கினால் கண்ணகி கண்ணகியாக இருக்கமாட்டாள் என்பதே காரணம்.

எழக்கூடிய ஐயங்கள்

இளங்கோவும் ஊழ்வினையைச் சொல்கிறாரே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. எரியும் நகரில் மதுராபதித் தெய்வம் தோன்றி, முற்பிறவியில் கோவலன் செய்த கொலையை எடுத்துரைக்கிறது. ஆனால் அந்த விளக்கம் எப்போது வருகிறது என்று பாருங்கள். வழக்கு முடிந்து, அரசன் தன் பிழையை ஒப்பி உயிர் துறந்த பின்னரே வருகிறது. ஊழ் என்று சொல்லி எவரும் அரசனை விடுவிக்கவில்லை. படம் எடுப்பவரும் இந்த இடத்தை மாற்றாமல் வைப்பது நல்லது.

தன் மார்பைத் திருகி எறிந்து நகரை எரித்ததை இன்று எப்படிக் காட்டுவது என்பது அடுத்த ஐயம். கணிப்பொறியின் உதவியால் எந்தத் தீயையும் இன்று திரையில் மூட்டலாம். அதனாலேயே கவனம் வேண்டும். நெருப்பை அரை மணி நேரமும் வழக்கை அரை நிமிடமும் காட்டினால் அளவு தவறிவிடும். குற்றமற்ற எளியவர் வீடுகளும் அன்று எரிந்திருக்கும் என்பதையும் மறைக்கலாகாது. மட்டக்களப்பு மக்கள் நடத்தும் குளிர்த்திச் சடங்கு இங்கே நினைவுக்கு வருகிறது. நியாயமான சினமும் ஒரு கட்டத்தில் தணிய வேண்டும் என்று அவர்கள் ஆண்டுதோறும் சொல்லி வருகிறார்கள்.

எல்லா வடிவங்களிலிருந்தும் நல்லனவற்றை எடுத்துக் கலந்துவிட்டால் என்ன என்பது மூன்றாவது ஐயம். கலக்கலாம், ஆனால் கலந்தவை ஒன்றையொன்று அழித்துவிடக் கூடாது. காளியின் பிறப்பைத் தொடக்கத்தில் வைத்துவிட்டு, இளங்கோவின் வழக்கை நடுவில் வைத்தால், வழக்கு வெறும் நாடகமாகிவிடும். எரிக்க வந்தவளுக்குச் சான்று எதற்கு? நாட்டுப்புறக் கண்ணகியைக் காட்ட விரும்புவோர் அவளை முழுமையாகவே காட்டட்டும். அதுவும் தனியே ஒரு நல்ல படமாகும்.

நமக்கு என்ன?

நம்முள் படம் எடுக்கப் போகிறவர்கள் ஓரிருவரே இருக்கலாம். எனினும் இந்தத் தேர்வு நம் எல்லாரையும் தொடுகிறது. நூலைப் படிப்பவர் சிலர். படத்தைப் பார்ப்பவர் பலர். திரையில் கண்ட உருவமே அடுத்த தலைமுறைக்கு உண்மையான உருவமாகிவிடும். "கண்ணகிபோல் இரு" என்று பெண்பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்வோர் நம் வீடுகளில் உண்டு. எந்தக் கண்ணகியைப்போல்? கணவன் பிரிந்தபோது வாய் திறவாமல் இருந்தவளைப்போலவா, அவையில் தன் பெயரையும் ஊரையும் சொல்லி நீதி கேட்டவளைப்போலவா? அறிவுரை சொல்பவர் பெரும்பாலும் முன்னவளையே நினைக்கிறார். காப்பியத்தின் பெயரோ பின்னவளையே நினைவூட்டுகிறது.

ஆகவே வருகிற விடுமுறையில் ஒரு பயிற்சி செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரிடம் கண்ணகி கதையைக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். அது எந்த மரபைச் சேர்ந்தது என்று கண்டுபிடியுங்கள். 'கண்ணகி', 'பூம்புகார்' ஆகிய இரு படங்களில் ஒன்றைப் பார்த்து, வழக்குரைக்கும் காட்சியில் சிலம்பு எத்தனை முறை காட்டப்படுகிறது, அரசன் எப்போது பேசுகிறான், கண்ணகி எப்போது பேசுகிறாள் என்று குறியுங்கள். பின்பு மேற்சொன்ன ஐந்து வினாக்களுக்கும் உங்கள் விடையை எழுதி வகுப்பில் படியுங்கள். தோழியின் விடை வேறாயிருந்தால் சினம் கொள்ளாதீர்கள். அவளுடைய சான்று என்னவென்று கேளுங்கள். உங்கள் சான்றையும் எடுத்து வையுங்கள். கண்ணகி நமக்குக் கற்றுத் தந்த முறை அதுவே.